நடைச் சங்கமும் நின்றுபோன ரயிலும்

ரயில் வேண்டும் என்று போராடியதற்காக எனக்கு ஒரு முறை மாலை போட்டிருக்கிறார்கள். விருதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில், மண்டபம் நிறையக் கூட்டம் உட்கார்ந்து கைதட்ட. அன்றைக்கு நான் அங்கே போனது, ரயில் வேண்டாம் என்று சொல்வதற்காக. இது எப்படி நடந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வதில் பாதி அவராகச் சேர்த்துக்கொண்டது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. நாற்பதோடு சேர்த்துச் சர்க்கரையும் வந்திருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதிதாம்மா. மீதிய நீங்கதான் நடக்கணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நடப்பதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது?

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஆப்செட் அச்சகம். காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற கம்பெனி. எங்கள் தெருவில் எல்லாமே இப்படித்தான், அச்சகம், பட்டாசு, தீப்பெட்டி என்று வியாபாரக் குடும்பங்கள். இந்த வீட்டுப் பெண்கள் நடக்க மாட்டார்கள் என்று இல்லை. கோவிலுக்கு நடப்போம், விசேஷ வீட்டுக்கு நடப்போம். எங்கேயாவது போய்ச் சேருவதற்காக நடக்கலாம். எங்கேயும் போகாமல் சும்மா நடப்பது என்பது வேறு. அதை யாரும் தடுக்கவில்லை. யாரும் அப்படிச் செய்ததே இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, ஒரு நாள் காலையில் ரோட்டில் இறங்கினேன். தெருமுனை தாண்டவில்லை, ஒரு ஸ்கூட்டர் நின்றது. எங்கள் கம்பெனிக்குப் பேப்பர் சப்ளை செய்கிறவர்.

"என்ன மதினி, நடந்து போறீக? வண்டி ரிப்பேரா?"

"இல்ல, சும்மா நடக்கேன்."

"சும்மாவா? ஏறுங்க, விட்டுறேன்."

"எங்க விடுவீக? நான் எங்கயும் போகல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து ஒரு லோடு ஆட்டோ. அதற்கடுத்து ஒரு கார். நான் வீடு திரும்புவதற்குள் என் வீட்டுக்காரருக்குப் போன் போயிருந்தது. "அண்ணாச்சி, வீட்டுல ஏதும் மனவருத்தமா? மதினி தனியா ரோட்டுல போய்க்கிட்டிருக்காக." மறுநாள் ஒரு பெரியவர் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் ஏறும் வரை நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. ஏறி உட்கார்ந்தேன். அந்த வாரம் டாக்டர் சொன்ன நடையில் முக்கால்வாசியை நான் அடுத்தவர்கள் காரில்தான் நடந்தேன்.

வழி கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு மதினி. பட்டாசுக் கடைக்காரர் வீடு. அவளுக்கு மூட்டுவலி, உடம்பும் கொஞ்சம் கனம். அவளையும் அதே டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார்.

"ரயில் ரோட்டுல நடந்தா என்ன மதினி? அங்கன காரு வராதுல்ல" என்றாள்.

ரயிலும் வராது. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசி போகிற மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றப் போகிறோம் என்று சொல்லி, ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கொஞ்ச தூரத்துக்கு மண்ணடித்துச் சமப்படுத்தியும் விட்டார்கள். அதோடு வேலை நின்றது. மெஷின் போயிற்று, ஆட்கள் போனார்கள், செம்மண் மேடு மட்டும் நேர்கோடாகக் கிடந்தது. இனிமேல் ரயில் வராது, நஷ்டம் என்று அப்படியே விட்டுவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

எங்களுக்கு அது ராஜபாட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் உடை மரமும் சீமைக் கருவேலும். அதற்கப்பால் கரிசல் காட்டில் பருத்தி, மழை பெய்த வருஷமானால் சூரியகாந்தி. தள்ளித் தள்ளிப் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள். அங்கங்கே மயில். எங்கேயோ யாரோ புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கிற சத்தம் வரும், மயில் பதிலுக்குக் கத்தும்.

அழகை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஸ்டேஷனை ஒட்டிய பகுதி காலை நேரத்தில் ஊருக்கு வேறொரு அவசரக் காரியத்துக்கும் பயன்பட்டது. அந்த இடம் தாண்டும் வரை வானத்தைப் பார்த்தே நடப்பது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மூட்டுவலிக்கு நடக்க வந்த மதினிக்குப் புதிதாகக் கழுத்துவலி வந்தது அப்படித்தான்.

அந்தப் பாதையில் கம்பெனி வண்டி பிடிக்கப் போகிற பெண்கள் வேகவேகமாகக் கடந்துபோவார்கள். கையில் தூக்குவாளி. ஒருத்தி என் ஷூவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எந்தக் கம்பெனிக்குக்கா போறீக?"

"கம்பெனிக்கு இல்ல. நடக்கப் போறோம்."

"நடந்து?"

"நடந்துட்டுத் திரும்பி வந்துருவோம்."

அவள் அதைப் பின்னால் வந்தவளிடம் சொன்னாள். அவள் அவளுக்குப் பின்னால் வந்தவளிடம். வரிசையாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகு தினமும் எங்களைப் பார்த்ததும், "நடந்துட்டுத் திரும்பியாச்சா?" என்று கேட்பார்கள். நாளெல்லாம் வேலை செய்யப் போகிறவர்களுக்கு நாங்கள்தான் அன்றைய முதல் வேடிக்கை.

ஆனால் ஒன்று. எதிர்வீட்டில் பதினைந்து வருஷமாக இருக்கிறவள் வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் அங்கேதான் கையை வீசி நடந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கை வீசி நடந்ததாக நினைவில்லை. கையில் எப்போதும் ஏதாவது இருக்கும், பாத்திரம், பிள்ளை, தாம்பாளம். ரெண்டு பேர் மெல்ல நாலு பேர் ஆனோம், தெருவிலிருந்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷக் காலண்டருக்கு அச்சகத்தில் படங்கள் வந்திருந்தன. அதில் ஒன்று ஏதோ குளிர்தேசத்துப் படம். நீளமாக ஒரு பாதை, இரண்டு பக்கமும் மஞ்சள் இலை மரங்கள், பெஞ்சுகள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு அம்மாள்.

"இது பளைய ரயில் பாதையாம்" என்றார் என் வீட்டுக்காரர், படத்தோடு வந்த குறிப்பைப் பார்த்துவிட்டு. "ரயிலு நின்னு போச்சுன்னு, சனங்க நடக்கவும் சைக்கிள் விடவும் கொடுத்துட்டாகளாம்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் அந்தப் படத்தின் முன்னால் அப்படியே நின்றேன். மஞ்சள் இலை மரங்களுக்குப் பதிலாக வேப்பமரம் வைத்துப் பார்த்தேன். நாய்க்காரம்மாவை எடுத்துவிட்டு மதினியை வைத்தேன். பெஞ்சில் என் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

மறுநாளே சங்கம் ஆரம்பித்தாகிவிட்டது. நான்தான் தலைவி. வேறு யாரும் போட்டி போடவில்லை, எதற்கு என்றே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சொந்த அச்சகம் இருக்கும்போது நோட்டீஸுக்கு என்ன குறைச்சல்? நானே எழுதிக் கொடுத்தேன். 'நடைபாதையைக் காக்க வாரீர்!' என்று மேலே சிவப்பில் பெரிதாக. ரயில் நின்றுபோன பாதையை நடக்கிறவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்கிற முக்கியமான விஷயம் கீழே பொடி எழுத்தில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் கூட்டம்.

கூட்டம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. பூ விற்கிறவர்கள், பழவண்டிக்காரர்கள், முறுக்குக் கூடையோடு ஒரு அம்மா, பிளாஸ்டிக் சாமான் விரிக்கிறவர். பஜாரில் நடைபாதையில் கடை போடுகிற ஆட்கள் மொத்தமும் மாடிப்படியில் நின்றது. அவர்கள் பெரிய எழுத்தை மட்டும் படித்திருந்தார்கள்.

"எப்பம்மா கடைகளை எடுக்கச் சொல்றாக?" என்றார் பழவண்டிக்காரர். "நீங்க எங்க பக்கம் நிக்கிறதே எங்களுக்குப் பெரிய பலம்."

நான் விளக்கினேன். ரயில் பாதை, வேப்பமரம், பெஞ்சு. குளிர்தேசத்துப் படத்தையும் தூக்கிக் காட்டினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காப்பியும் குடித்தார்கள். முறுக்கு விற்கிற அம்மா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரயிலு வந்தாத்தானம்மா எனக்கு ஸ்டேஷன்ல யாவாரம்? நீங்க வராம பண்ணப் போறேங்கிறீகளே" என்றாள். அதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். என் முதல் பொதுக்கூட்டம் அத்துடன் முடிந்தது.

நோட்டீஸை ஒழுங்காகப் படித்தது ஒரே ஒரு ஆள். பின் தெருவில் இருக்கிற நர்ஸம்மா. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. என்னைவிடச் சின்னவள். வாரா வாரம் வந்து எனக்குச் சத்து ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். அன்றைக்கு வந்தவள் ஊசியை எடுக்காமல் உட்கார்ந்தாள்.

"அக்கா, நோட்டீஸ் பாத்தேன்."

"எப்படி இருக்கு? சிவப்பு கொஞ்சம் தூக்கலோ?"

"ரயிலு வரவே வேண்டாங்கிறீகளா?"

"வராதுன்னுதான எல்லாரும் சொல்றாக. சும்மா கெடக்கிற எடந்தான."

"சும்மா கெடக்குன்னு யாருக்கா சொன்னா? நான் வேலைக்குப் போன பாதைக்கா அது. உக்காந்து போவேன். உள்ள வச்சுத்தான் தலை பின்னுவேன், இட்லி சாப்பிடுவேன். இப்ப பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறேன். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே வேலை. திரும்ப நின்னுக்கிட்டே வாறேன்."

நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "நிக்கிறதும் உடம்புக்கு நல்லதுதான்ங்கிறாகளே" என்றேன். தலைவி ஆனதும் எதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

அவள் ஊசியை எடுத்தாள். "கையக் காட்டுங்க" என்றாள். ஊசி அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது. என் வீட்டுக்காரர் சொல்கிறபடி நான் அலறவெல்லாம் இல்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிரயாணிகள் எல்லாம் சேர்ந்து ரயில் கேட்டுக் கூட்டம் போடுகிறார்கள், அதில் அவள்தான் முன்னால் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எதிர்க்கட்சிக்கு ஒரு தலைவி கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ரயில்வே அதிகாரி ஒருவர் விருதுநகருக்கு வருகிறார், ஒரு மண்டபத்தில் வைத்து ஜனங்கள் சொல்வதைக் கேட்கப் போகிறார் என்று செய்தி வந்தது. விட முடியுமா? நடைச் சங்கம் கிளம்பியது. அதாவது நானும் மதினியும். மற்றவர்கள் எல்லாருக்கும் அதிரசத்துக்கு மாவு இடிக்க இருந்தது.

"கார் வேணும்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"சீசன் நேரத்துல காரா? லேபிள ஏத்திக்கிட்டு வெம்பக்கோட்டைக்குப் போயிருக்கு. பஸ்ஸுல போயிட்டு வா. ஊரெல்லாம் அதுலதான போகுது?"

குளிர்தேசத்துப் படத்தைச் சுருட்டி, நீளமான அட்டைக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஷூவையும் மாட்டிக்கொண்டேன், அதிகாரி பார்க்கட்டும் என்று. பஸ் ஸ்டாண்டில் நுழைந்த பிறகுதான் சீசன் என்றால் என்னவென்று புரிந்தது. அதுவரைக்கும் எனக்குச் சீசன் என்றால் வீட்டுக்காரர் லேட்டாகச் சாப்பிட வருவது. வெளியூரிலிருந்து பட்டாசு வாங்க வந்தவர்கள், வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், துணி எடுக்கப் போகிறவர்கள் என்று ஒரு பஸ்ஸுக்கு மூன்று பஸ் ஆட்கள். எப்படி ஏறினோம் என்று தெரியாது. ஏறவில்லை, ஏற்றப்பட்டோம்.

பஸ் கிளம்பும் முன் கண்டக்டர் சோதனை போட்டார். "பட்டாசு வச்சிருக்கிறவுக இப்பமே இறங்கிருங்க." அவர் கண் என் கையிலிருந்த குழாயில் நின்றது.

"அது என்னம்மா?"

"படம்."

"ராக்கெட்டு மாதிரில்ல இருக்கு? எல்லாரும் படம்னுதான் சொல்றாக. தெறங்க."

திறந்தேன். அந்த நெரிசலில் படத்தை விரித்துக் காட்ட இன்னும் இரண்டு பேர் ஓரங்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"எந்த ஊரு இது?" என்றார் ஒருவர்.

"எந்த ஊரா இருந்தாலும் சரி, பஸ்ஸ அங்கன விடச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். திரும்பச் சுருட்ட இடமில்லாமல் படம் என் நெஞ்சுக்கும் முன்னால் நின்றவரின் முதுகுக்கும் நடுவில் கசங்கிப்போயிற்று. என் வெள்ளை ஷூவின் மேல் யாரோ ஏறி நின்றார்கள். யார் என்று குனிந்து பார்க்கவும் வழியில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கொஞ்சம் தள்ளுங்கய்யா, கை பட்டுரும், தள்ளுங்க." நர்ஸம்மா. அவளுக்கு முன்னால் ஒரு பெண், என் தங்கை வயது இருக்கும். வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை கட்டு. அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள், கூட்டத்தில் யாரும் இடித்துவிடக்கூடாது என்று. பட்டாசு வேலையில் தீப்பட்ட கை. கட்டு மாற்ற விருதுநகருக்கு அழைத்துப்போகிறாள் என்று புரிந்தது.

நர்ஸம்மா ஒரு ஆளை எழுப்பி அவளை உட்கார வைத்தாள். உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. பஸ் திரும்புகிற இடத்திலெல்லாம் நிற்கிற கூட்டம் அவள் மேல் சாய்ந்தது. அவள் கையை இறக்கவே இல்லை.

நர்ஸம்மா என்னைப் பார்த்தாள். சண்டை, நோட்டீஸ் எதுவும் அவள் முகத்தில் இல்லை. "அக்கா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. யாரையும் சாய விடாதீக. மதினி, நீங்க முன்னால."

நின்றோம். மதினியின் உடம்பைப் பற்றி நாங்கள் எத்தனையோ கேலி பேசியிருக்கிறோம். அன்றைக்கு அது ஒரு கோட்டைச் சுவராக நின்றது. ஒரு ஆள் அவளைத் தாண்டிச் சாய முடியவில்லை. நான் இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். முதுகில் முழங்கைகளும் பைகளும் இடித்துக்கொண்டே வந்தன. ரயில்வே கேட் வந்ததும் டிரைவர் பழக்கதோஷத்தில் பஸ்ஸை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்தார். தண்டவாளமே இல்லாத இடத்தில். அந்தக் குலுக்கலில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இப்ப பரவால்லக்கா. ரயிலா இருந்தா கொஞ்சம் நீட்டி உக்காந்திருப்பேன்" என்றாள். யாரையும் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. என் ஷூவை அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. "நீங்க நடக்கிறவுகதான? இன்னைக்குப் பஸ்ஸுல போறீக?" என்றாள்.

விருதுநகரில் இறங்கியதும் நர்ஸம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாங்கள் மண்டபத்துக்குப் போனோம். எனக்குச் சேலை கலைந்து, கொண்டை அவிழ்ந்து, இரண்டு கையும் கம்பி பிடித்த இடத்தில் சிவந்திருந்தது. அங்கே மேடையில் அதிகாரி, அவருக்கு முன்னால் மேஜையும் மைக்கும். ஒவ்வொருவராகப் போய் ரயில் கேட்டார்கள். வியாபாரிகள், மாணவர்கள், ஆசிரியர்கள். மைக் பிடித்திருந்தவர் என் முறை வந்ததும் சங்கத்தின் பெயரைச் சரியாகப் படிக்காமல், "அடுத்து சிவகாசி மகளிர் அணி" என்றார்.

போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆரோக்கியம், பசுமை, முன்னேறிய நாடுகள் என்று. படத்தை விரித்தேன். நடுவில் கிழிந்து, நாய் ஒரு பக்கமும் நாய்க்காரம்மா ஒரு பக்கமுமாக இருந்தார்கள். அதைத் திரும்ப மடித்து வைத்தேன்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"இப்ப பஸ்ஸுல வந்தோம்யா" என்றேன். அதற்குப் பிறகு மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தை வரவில்லை. பஸ்தான் வந்தது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்த பெண்ணைச் சொன்னேன். அந்தக் கை எப்படி இருந்தது என்று என் கையைத் தூக்கிக் காட்டினேன். எப்படியாவது முடித்தாக வேண்டுமே என்று, எங்கள் சங்கத்தையும் நினைத்துக்கொண்டு, "ரயில விடுங்கய்யா. நாங்க எங்கிட்டாவது நடந்துக்கிடுவோம்" என்றேன்.

நான் சொன்னது எங்கள் காலை நடையை. மண்டபத்துக்குக் கேட்டது வேறு. ரயில் விடாவிட்டால் சிவகாசிப் பெண்கள் நடைப்பயணமாகக் கிளம்பி வருவோம் என்று நான் எச்சரிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். ஷூ வேறு போட்டிருந்தேன். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. அதிகாரி எழுந்தே விட்டார்.

"அம்மா, நடக்கவெல்லாம் வேண்டாம்மா. வேலைய சீக்கிரம் முடிச்சிருவோம்."

யாரோ மாலை போட்டார்கள். யாரோ ஒருவர் சால்வை போர்த்தினார். மதினி கீழே முதல் வரிசையில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"மதினி, நாம எதுக்கு வந்தோம்?"

"தெரியல மதினி."

"சரி, மாலையக் கொடுங்க. சம்பங்கி நல்லாருக்கு."

வேலை மறுபடி ஆரம்பித்தது. நான் பேசியதால் இல்லை. ஜல்லிக்கும் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கான்கிரீட் கட்டைகளுக்கும் முன்பே ஏற்பாடாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் என் பேச்சுக்குப் பயந்துதான் ரயில்வே நடுங்கியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பின் தெருவிலும் அதை நம்பினார்கள். நர்ஸம்மா மறுபடி ஊசி போட வந்தாள். வலிக்கவே இல்லை.

எங்கள் பாதை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் ஒரு பக்கம் ஜல்லி கொட்டினார்கள், நாங்கள் அடுத்த பக்கம் நடந்தோம். பிறகு கட்டைகளைப் பரப்பினார்கள், நாங்கள் ஓரத்தில் நடந்தோம். ஒரு நாள் பெரிய மெஷினோடு வந்த மேஸ்திரி, "இனிமே இங்கன வராதீகம்மா, ஏதாவது ஆயிப்போகும்" என்றார். திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. "ரயிலு கேட்டவுகளுக்கு எதுக்கு அழுகை?" என்று மதினி கேட்டாள், ஆனால் அவள் குரலும் சரியில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ரயில்வே நிலம் எவ்வளவோ கிடந்தது. அதில் ஒரு ஓரமாக நடக்க வழி விட்டால் என்ன என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். தண்டவாளத்தை ஒட்டி நடப்பது சட்டப்படி குற்றம் என்றார்கள். ரயிலும் வேண்டும், நடக்க ஒரு இடமும் வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ரெண்டையும் ஒன்றாகக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. படத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டேன், பஸ்ஸில் ஏறி இன்னொன்றைக் கேட்டேன்.

முதல் ரயில் வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்தினார்கள். புது எஞ்சின், வாழைமரம், மேளம். எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

அகலப்பாதை வந்ததும் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தையும் நீளமாகக் கட்டியிருந்தார்கள். கடைசி வரை நடந்து திரும்பினால் நல்ல நடை. மழைக்குக் கொஞ்ச தூரம் கூரையும் உண்டு. ரயில் இல்லாத நேரம் பார்த்து நாங்கள் அங்கே நடக்க ஆரம்பித்தோம். சில நாள் கழித்து டிக்கெட் பரிசோதகர் ஒருவர் வழிமறித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் போகல சார்."

"எங்கயும் போகாதவங்க உள்ள வரக்கூடாது."

தினமும் பிளாட்பாரம் டிக்கெட் எடுப்பதைவிட, விருதுநகருக்கு மாதப் பாஸ் எடுத்துவிட்டால் சல்லிசு என்று நர்ஸம்மாதான் யோசனை சொன்னாள். எடுத்தோம். விருதுநகருக்குப் பாஸ் வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் போகாத பிரயாணிகளாக மாதக்கணக்கில் நடந்தோம். பரிசோதகர் ஒவ்வொரு நாளும் பாஸை வாங்கிப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் நடந்துகொண்டிருக்கும்போது ரயில் வந்து நின்றது. மதினி நின்று அதைப் பார்த்தாள். "மதினி, பாஸு சும்மாதான கெடக்கு" என்றாள். யோசிக்கவே இல்லை, ஏறிவிட்டோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது, எங்கள் பழைய பாதை காலுக்குக் கீழே ஓடியது, ஊர் வந்தது. விருதுநகரில் இறங்கிய பிறகு இனி என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே எண்ணெயில் பரோட்டா பொரிகிற வாசம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் பரோட்டாக் கடைக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பார்சல் வரும், வீட்டில் சாப்பிடுவோம். அன்றைக்கு இலை போட்டு உட்கார்ந்தோம். மொறுமொறுப்பாக இரண்டு, சால்னாவில் ஊறவைத்து. மதினி மூன்றாவதும் கேட்டாள். டாக்டர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அது வாரம் ஒரு முறை என்று வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் என் சேலை பக்கம் மூக்கை நீட்டினார்.

"நடக்கத்தான போன? சால்னா வாசம் அடிக்கு."

சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எந்தக் கடை?" என்றார். அடுத்த வாரம் அச்சகத்தை மேனேஜரிடம் விட்டுவிட்டு அவரும் பாஸோடு பிளாட்பாரத்தில் வந்து நின்றார். எங்கள் நடைச் சங்கத்தின் முதல் ஆண் உறுப்பினர் அவர்தான். இதுவரைக்கும் ஒரு அடி நடந்ததில்லை.